யாருமே இறக்காத தோட்டம்

இது நடந்து மூன்று வருடம் இருக்கும். மழை ஓய்ந்து, காலையில் புல்லின் மேல் உறைபனி வெள்ளையாகப் படியத் தொடங்கியிருந்த மாதம். கட்டபெட்டில் பஸ் மாறி இன்னும் அரை மணி நேரம் போனால் ஒரு தேயிலைத் தோட்டம் வரும். அங்கேதான் நடந்தது. தோட்டத்தின் பெயரையோ ஆட்களின் பெயரையோ நான் எழுதப் போவதில்லை. தப்பு செய்தவன் நான். மற்றவர்களின் பெயர் எதற்கு?

நான் பத்தாவது வரை படித்தவன். குடியிருப்பது ஜெகதளாவில். முன்பு ஒரு தேயிலை நர்சரியில் நாற்று வளர்க்கும் வேலை பார்த்தேன். பிறகு, ஒரு ஆஸ்பத்திரி நடத்திய ஆராய்ச்சியில் வீடு வீடாகப் போய் விசாரித்து எழுதும் வேலை கிடைத்தது. என் மகள் ஏழாவது படிக்கிறாள், மகன் ஐந்தாவது. அவர்களுக்குச் சொன்னதையேதான் உங்களுக்கும் எழுதுகிறேன், இதைப் படிக்கும் பிள்ளைகளே. முதலில் அது என்ன ஆராய்ச்சி என்று சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் என் தப்பு எவ்வளவு பெரியது என்று உங்களுக்குப் புரியாது.

இதயம் பலவீனமாகி, ஆஸ்பத்திரியில் சேர்ந்து, தேறி வீட்டுக்குப் போனவர்களின் பட்டியல் ஒன்று என்னிடம் இருந்தது. வீட்டுக்குப் போன பிறகு அவர்கள் எத்தனை நாள் நன்றாக இருக்கிறார்கள்? யாருக்குச் சீக்கிரம் ஆபத்து வருகிறது, ரோட்டோரம் இருப்பவர்களுக்கா, மலைச்சரிவின் அடியில் இருப்பவர்களுக்கா? இதைக் கண்டுபிடிக்க ஒவ்வொருவரையும் மாதம் ஒருமுறை நேரில் பார்க்க வேண்டும். பார்த்த பிறகு ஒரு தாளில் மூன்று கட்டங்களில் ஒன்றை நிரப்ப வேண்டும். நலம், இறந்தார், ஊர் மாறிப் போனார். பக்கத்தில் தேதி. வேலை அவ்வளவுதான்.

இந்தக் கணக்குக்கு சர்வைவல் அனாலிசிஸ் என்று பெயர். பெயர் பெரிதாக இருந்தாலும் நர்சரிக்காரனான எனக்கு அது உடனே பிடிபட்டது. பாத்தியில் நூறு நாற்று வைக்கிறோம். சில வாடிச் சாகும். சிலவற்றை நடுவிலேயே வேறு தோட்டத்துக்குக் கொடுத்துவிடுவோம். கொடுத்த நாற்றைச் செத்த கணக்கில் சேர்த்தால் அது பொய். கடைசிவரை பிழைத்தது என்றால் அதுவும் பொய். என் கண்ணில் பட்ட கடைசி நாள் வரைக்கும் உயிரோடு இருந்தது என்று சொல்லலாம். அது மட்டும்தான் உண்மை. ஊர் மாறிப் போனவர்களையும் கணக்கு அப்படித்தான் வைத்துக்கொள்ளும். கடைசியாகப் பார்த்த நாள் வரை சேர்த்துக்கொண்டு, அதற்குமேல் விட்டுவிடும்.

இதையெல்லாம் கம்ப்யூட்டரில் போட்டு ஒரு கோடு வரைவார்கள். எல்லாரும் உயிரோடு இருக்கும்வரை கோடு நேராகப் போகும். ஒருவர் இறந்தால் ஒரு படி கீழே இறங்கும். ஊர் மாறிப் போனவர்களுக்குப் படி கிடையாது. கோட்டின் மேல் சின்னதாக ஒரு குறி மட்டும்.

எந்தத் தோட்டத்தின் கோடு வேகமாக இறங்குகிறதோ, அங்கே மாதாமாதம் மருந்து ஜீப் அனுப்புவதாக ஆஸ்பத்திரியில் பேசி வைத்திருந்தார்கள். இருப்பது ஒரே ஜீப். எல்லாத் தோட்டத்துக்கும் போக முடியாது.

இனி என் கதைக்கு வருகிறேன்.

அந்தத் தோட்டத்தில் தொழிலாளர்களின் லைன் வீடுகள் சரிவின் அடியில் இருக்கின்றன. ரோட்டிலிருந்து தேயிலைச் செடிகளுக்கு நடுவே மண்ணில் வெட்டிய படிகளில் இறங்க வேண்டும். இறங்க முக்கால் மணி, ஏற ஒன்றரை மணி. முதல் சில மாதங்கள் ஒழுங்காக இறங்கினேன். ஆடி மழை வந்தது. படிகள் கரைந்தன, காலில் அட்டை ஏறியது, ஒருநாள் பாதையின் குறுக்கே காட்டெருமை நின்றது. அன்றைக்குத் திரும்பி வந்து ரோட்டு வளைவில் இருக்கும் டீக்கடையில் உட்கார்ந்தேன்.

கடைக்காரர் நல்ல மனிதர். கோயமுத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்து கடை போட்டவர். என் பட்டியலைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"இத்தனை பேரைப் பாக்கறதுக்கா கீழ எறங்கறீங்க? எல்லாரும் இங்க வந்துதானுங்க பஸ் ஏறோணும். எங்கிட்டக் கேளுங்க, நான் சொல்றேன்."

கேட்டேன். ஒவ்வொரு பெயராகச் சொன்னார். இவர் நேற்று வந்தார், அவர் காலையில் பஸ் ஏறினார். எனக்கு வேலை பத்து நிமிடத்தில் முடிந்தது. அடுத்த மாதமும் அங்கேயே உட்கார்ந்தேன். அதற்கடுத்த மாதமும்தான்.

சிலரைப் பற்றி மட்டும் அவருக்குத் தெரியவில்லை. "ஆளையே காணோமுங்க. மகன் திருப்பூர்ல பனியன் கம்பெனில இருக்கறான். அங்க போயிருப்பாரு" என்பார். நான் 'ஊர் மாறிப் போனார்' கட்டத்தை நிரப்பினேன். அந்த மழைக்காலம் முடிவதற்குள் அப்படி நான்கு பேர்.

அந்த நான்கு பேரில் ஒருவரை எனக்கு நன்றாகத் தெரியும். ஃபேக்டரியில் தேயிலை காயவைக்கும் அடுப்புப் பக்கம் வேலை பார்த்தவர். சின்ன வயதில் இலங்கைத் தோட்டத்திலிருந்து குடும்பத்தோடு இங்கே வந்தவர் என்பதால், லைன் வீட்டை இன்னமும் லயம் என்றுதான் சொல்வார். முதல் தடவை போனபோது பால் சேர்க்காத பிளேன் டீ கொடுத்துவிட்டு, "லிஸ்டு தம்பி, மாசாமாசம் வந்துருவீங்கல்ல? எனக்கும் மேல ஏறத் தெம்பில்ல" என்றார். வருவேன் என்று சொல்லியிருந்தேன்.

மார்கழிக்குக் கொஞ்சம் முன்னால் கணக்குப் பார்க்கும் மேடம் என்னை ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். என்னைவிடப் பத்து வயது சின்னவர். கோயமுத்தூர்க்காரர். கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார்கள். பல கோடுகள் படிப்படியாக இறங்கிக்கொண்டிருந்தன. ஒன்று மட்டும் இறங்காமல் நேராகப் போனது. அது என் தோட்டம்.

எனக்கு உள்ளுக்குள் ஒரே பெருமை. பாராட்டத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

"ஏனுங்கண்ணா, உங்க தோட்டத்துல யாருமே சாகறதில்லீங்களா?"

"நல்ல காத்துங்க மேடம்" என்றேன்.

"செரி. அவ்வளவு நல்ல காத்தை உட்டுப்போட்டு இவங்கெல்லாம் ஏனுங்க ஊரை உட்டுப் போறாங்க?"

கோட்டின் மேல் இருந்த சின்னக் குறிகளை விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டார்கள். நான்கு. வேறு எந்தத் தோட்டத்திலும் அத்தனை பேர் போகவில்லை.

"நல்லா இருக்கையில போனாங்களா, முடியாமப் போனாங்களா?"

எனக்குத் தெரியவில்லை. அப்படி ஒரு கேள்வி இருக்கிறது என்பதே அப்போதுதான் தெரிந்தது. மேடம் பொறுமையாகச் சொன்னார்கள். போனவர்களும் இருப்பவர்களைப் போலத்தான் இருப்பார்கள் என்று கணக்கு நம்புகிறது. அந்த நம்பிக்கை உடைந்தால் கோடு முழுவதும் பொய்யாகிவிடும். அடுத்த வாரம் கூட்டம். இந்தக் கோட்டைப் பார்த்தால் இந்தத் தோட்டத்துக்கு ஜீப் வேண்டாம் என்றுதான் யாரும் சொல்வார்கள்.

அப்போது எனக்கு நர்சரி ஞாபகம் வந்தது. தோட்டத்து மேனேஜரான துரை பார்வைக்கு வரும் நாளில் எங்கள் மேஸ்திரி, வாடிய நாற்றுகளை எல்லாம் பொறுக்கி எடுத்துக் கொட்டகைக்குப் பின்னால் வைத்துவிடச் சொல்வார். துரை வந்து பார்ப்பார். பாத்தி முழுக்கப் பச்சையாக இருக்கும். "பிரமாதம்" என்று சொல்லிவிட்டுப் போவார். நாங்கள் சிரிப்போம்.

டீக்கடைக்காரர் பொய் சொல்லவில்லை. மலை ஏறி வந்தவர்களை அவர் பார்த்தார், சொன்னார். ஏற முடிந்தவர்கள் மட்டும்தானே அவர் கடைக்கு வருவார்கள்? ஏற முடியாதவர்களை நான் ஒரு பேனாவால் திருப்பூருக்கு அனுப்பிவிட்டேன்.

"போய்ப் பாத்துட்டு வந்து சொல்றேனுங்க மேடம்" என்றேன்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் போய் நேராகக் கீழே இறங்கினேன். அந்த ஃபேக்டரிக்காரர் வீட்டுக் கதவு வெறுமனே சாத்தியிருந்தது. தள்ளினேன். சுவரில் இரண்டு தலையணையை முட்டுக்கொடுத்து, அதில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். படுத்தால் மூச்சு முட்டுகிறதாம், ராத்திரி தூங்குவதும் உட்கார்ந்தபடியேதானாம். கால் இரண்டும் வீங்கி இருந்தன. மாத்திரை தீர்ந்து மூன்று வாரம். மனைவி தேயிலை பறிக்கப் போகிறவர். லீவு போட்டு வாங்கி வருகிறேன் என்றதற்கு, இவர்தான் பிறகு பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டிருக்கிறார்.

"யாரு, லிஸ்டு தம்பியா? உசிரோட இருக்கேனான்னு பாக்க வந்தீங்களா? இருக்கேன், எழுதிக்கங்க."

அந்த நேரம் பார்த்து அவர் மனைவி சாப்பாட்டு இடைவேளைக்கு வந்தார், இடுப்பில் கட்டிய சாக்கோடு.

"இத்தன மாசமா என்னான்னு எழுதினீங்க?" என்று தலையணையில் சாய்ந்தபடியே அவர் கேட்டார்.

சொல்லாமல் விட்டிருக்கலாம். ஆனால் அந்த மூச்சிரைப்புக்கு முன்னால் இன்னொரு பொய் சொல்ல முடியவில்லை. "நீங்க ஊர் மாறிப் போயிட்டீங்கன்னு எழுதிட்டேனுங்க."

"எந்த ஊருக்கு?"

"திருப்பூருக்கு."

அவர் சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறியது. "இந்தா புள்ள, நான் திருப்பூர்ல இருக்கேனாம். சோத்த அங்க கொண்டாந்து குடு."

"சிரிக்காதீங்க, மூச்சு வாங்கும்" என்று மனைவி அதட்டினார். என் பக்கம் திரும்பவே இல்லை. அவர் திட்டியிருந்தால்கூட எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

இலை எடை போடும் கொட்டகை வரைக்கும் தோட்டத்து டிராக்டர் வரும். பக்கத்து வீட்டு ஆட்கள் மூன்று பேரும் நானும் அவரை நாற்காலியோடு தூக்கி அங்கே கொண்டுபோனோம். இலை மூட்டைகளை ஓரம் தள்ளிவிட்டு உட்காரவைத்து ரோட்டுக்கு ஏற்றினோம். வழியெல்லாம், "பாத்துத் தூக்குங்கப்பா, திருப்பூர்க்காரன் நானு" என்று கிண்டல் செய்துகொண்டே வந்தார். நான் போனில் கூப்பிட்டிருந்த ஆம்புலன்ஸ் ரோட்டில் வந்து நின்றது. டீக்கடைக்காரர் ஓடிவந்து, "அட, இவரு இங்கதான் இருக்கறாருங்களா?" என்றார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது.

அவரை ஏற்றி அனுப்பிவிட்டு மறுபடியும் இறங்கி மற்ற மூன்று பேரையும் தேடினேன். ஒரு அம்மாவும் இதே மாதிரி வீட்டோடு முடங்கிக் கிடந்தார், அவரையும் அதே வழியில் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். ஒருவர் உண்மையாகவே திருப்பூரில் நன்றாக இருந்தார், போனில் பேசினேன். நான்காவது ஒரு அம்மா. கவனித்துக்கொள்ள ஆளில்லை என்று அவருடைய தங்கை கூடலூருக்குக் கூட்டிப் போயிருக்கிறார். அதற்கு முந்தைய மாதமே அங்கே இறந்துவிட்டாராம். ஊர் மாறிப் போனார் என்று நான் எழுதியது பொய்யில்லை. எதற்காகப் போனார் என்று கேட்கவில்லை, அவ்வளவுதான்.

மறுநாள் மேடத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். டீக்கடையில் உட்கார்ந்ததையும் சேர்த்துத்தான். வேலை போய்விடும் என்று நினைத்தேன். அவர்கள் கோபப்பட்டார்கள், மறைக்கவில்லை. "கம்ப்யூட்டருக்குச் சந்தேகப்படத் தெரியாதுங்கண்ணா. நீங்க போட்ட கட்டம்தான் அதுக்கு ஒலகம்" என்றார்கள். ஆடி முதல் நான் எழுதிய தாள்களை எல்லாம் என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்கள். எல்லா வீட்டுக்கும் நான் மறுபடி இறங்கி ஏறினேன். இந்தத் தடவை வந்த கோடு நேராக இல்லை. ஏற முடியாமல் முடங்கியவர்களையும் சேர்த்துப் பார்த்து, கூட்டத்தில் ஜீப் அந்தத் தோட்டத்துக்கு என்று முடிவானது. எடை போடும் கொட்டகை வரைக்கும் அது இன்றும் போகிறது.

ஃபேக்டரிக்காரர் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்து ஒரு வருடத்துக்கு மேல் இருந்தார். நான் ஒவ்வொரு மாதமும் போனேன். போகும்போதெல்லாம், "திருப்பூர்ல மழையா தம்பி?" என்று கேட்பார். அதற்கடுத்த பனிக்காலத்தில், தூக்கத்திலேயே போய்விட்டார். நான் போய் நின்று, பார்த்து, தேதி எழுதினேன்.

"இவரு பேரு ஒங்க பேப்பர்ல வருமா?" என்று அவர் மனைவி கேட்டார். அந்த வீட்டில் அவர் என்னிடம் நேராகப் பேசியது அதுதான் முதல் தடவை.

"பேரு வராதுங்க. கோட்டுல ஒரு படி எறங்கும். அது இவருதான்" என்றேன். அவர் தலையசைத்தார். புரிந்ததா என்று தெரியவில்லை.

இப்போதும் அதே வேலையில்தான் இருக்கிறேன். பேனாவைத் திறப்பதற்கு முன்னால் குனிந்து என் செருப்பை ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன். அதில் கீழ் லைன் மண் ஒட்டியிருந்தால்தான், ஒரு மனிதரைப் பற்றி ஒரு வரி எழுதும் உரிமை எனக்கு இருப்பதாக நினைக்கிறேன்.