தீர்த்தமலையில் என் மகள் கேட்ட பிரசாதம்

இண்டூரில் தக்காளித் தோட்டம் வைத்துப் பிழைக்கிற குடும்பம் எங்களுடையது. போன ஆடியில் பள்ளிக்குக் கிளம்பிய என் மகள் யாழினி வாசலிலேயே வலிப்பு வந்து விழுந்தாள். ஆறு வயது. இரண்டு வகை மாத்திரை கொடுத்தும் நிற்கவில்லை. என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. பாலை அடுப்பில் வைத்துவிட்டு அவள் முகத்தைப் பார்க்க ஓடுவேன். பால் பொங்கி வழியும். தீர்த்தமலை ஈசனிடம் "இதை நிறுத்து" என்பதைத் தவிர வேறெதுவும் கேட்கத் தெரியவில்லை.

சேலத்து டாக்டர், கொழுப்பு மிகுந்த, மாவுச்சத்து மிகக் குறைந்த உணவு முறையைச் சொன்னார். "மாத்திரையும் இருக்கும், இந்தச் சாப்பாடும் இருக்கும்மா. நாங்க சொல்லாம எதையும் நிறுத்தாதீங்க."

வெண்ணெய், முட்டை, தேங்காய் எண்ணெய், எல்லாம் எடை போட்டுத்தான். சோறு இல்லை, களி இல்லை. முதலில் வாந்தி எடுத்தாள். அவள் அப்பா தட்டிலிருந்த களியைப் பிடுங்கப் போய் அழுதாள். அவர் தட்டோடு எழுந்து தோட்டத்துக்குப் போய்விட்டார்.

"புள்ளைய எண்ணெயிலயே வதைக்கிறியே," என்றார் என் நாத்தனார். "சாப்பாடே மருந்துன்னா மாத்திரை எதுக்கு?"

எனக்கும் மனம் ஆடியது. மாத்திரை அட்டையைப் பரண்மேல் போட்டேன். உடனே எடுத்துவிட்டேன்.

கார்த்திகையில் மலையேறினோம். குருக்கள் சர்க்கரைப் பொங்கலை நீட்டினார்.

"சாமி பிரசாதம் ஒன்னும் பண்ணாது, குடு," என்றார் நாத்தனார்.

மறுத்தால் தெய்வக் குற்றமோ, கொடுத்தால் வலிப்போ என்று தவித்தேன். நான் வாய் திறக்குமுன் யாழினி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"எனக்கு ஆவாதுங்க சாமி. தீர்த்தம் குடுங்க."

குருக்கள் அவள் உள்ளங்கையில் தீர்த்தம் வார்த்தார். "இதுவும் பிரசாதந்தான் கண்ணு."

எனக்கு அழுகை வந்துவிட்டது. நோயை நிறுத்தத்தான் கேட்டேன். அதைத் தாங்கும் திடத்தை ஈசன் முதலில் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டான். இறங்கும்போது நாத்தனார் என் பக்கத்தில் வந்தார். "நாளைக்கு அவளுக்கு என்ன ஆக்கணும்? நானும் கத்துக்கறேன்."

தை மாதத்தில் வலிப்பு குறைந்தது. சித்திரைக்குப் பிறகு வரவில்லை. டாக்டரே ஒரு மாத்திரையின் அளவைக் குறைத்திருக்கிறார். மற்றது தொடர்கிறது, சாப்பாடும் தொடர்கிறது. இன்றும் அவள் தும்மினால் திரும்பிப் பார்க்கிறேன். பார்த்துவிட்டு வேலையைத் தொடர முடிகிறது.

இதே தவிப்பில் இருக்கும் தாய்மார்களே, ஈசனைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். வைத்தியத்தையும் விடாதீர்கள். அதையும் அவன்தான் அனுப்பினான் என்று நான் நம்புகிறேன்.