ஃபிரீசரும் மூன்றாவது தந்தியும்

கஜந்தி டென்மார்க்கின் கிரின்ஸ்டெட் நகரில் ஒரு தொழிற்சாலையில் பொதி கட்டும் பிரிவில் வேலை செய்கிறாள். ஒருநாள் இரவு வேலை முடிந்து காலையில் வீட்டுக்குள் வந்தவள், சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் அப்படியே நின்றுவிட்டாள். முன்னறையில் வீணை முனகிக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஒருவரும் இல்லை.

யாழ்ப்பாணத்தில் அரங்கேற்றம்வரை போனவள் அவள். டென்மார்க் வந்து, பிள்ளை பிறந்து, வேலை நேரமும் மாறி மாறி வர, வீணை மூலைக்குப் போய்விட்டது. தூசு தட்டுவதோடு சரி. கேட்பவர்களிடம் நேரமில்லை என்பாள். விரல் மறந்திருக்கும் என்ற பயத்தை மட்டும் வெளியே சொல்லமாட்டாள்.

மெல்லத் தந்தியைத் தொட்டாள். ஒலி நின்றது. விரலை எடுத்தாள். மறுபடி முனகல்.

பின்னேரம் கணவன் கஜதீபன் வந்தான். மின்சார வேலை செய்பவன்.

"இஞ்சை வாங்கோ. வீணை தன்பாட்டிலை பாடுது."

"உமக்கு நித்திரை காணாது," என்று சிரித்தான். பிறகு அவனுக்கும் கேட்டது.

எது அதிர்கிறதென்று பார்க்க, தாள் துண்டுகளை மடித்து ஒவ்வொரு தந்தியிலும் ஏற்றிவைத்தான். மூன்றாவது தந்தியில் வைத்தது மட்டும் துள்ளி விழுந்தது. வீட்டில் ஓடுகிற ஒவ்வொன்றையும் நிறுத்திப் பார்த்தார்கள். முதல் நாள் வாங்கிச் சுவருக்கு அந்தப்பக்கம் வைத்த ஃபிரீசரை நிறுத்தியதும் வீணை அடங்கிப்போனது.

"மோட்டரின்ரை அதிர்வு பலகை நிலத்தாலை வந்து வீணையிலை ஏறுது," என்றான். "இந்தத் தந்தி இளகி இளகி, சரியா அதே சுதியிலை வந்து நிக்குது. அதுதான் இது மட்டும் சேர்ந்து பாடுது. ஃபிரீசரை அங்காலை தள்ளிவிடட்டோ?"

"வேண்டாம். நான் தந்தியை முறுக்கிறன்."

பிருடையைக் கொஞ்சம் திருப்பினாள். ஃபிரீசரை மறுபடி ஓடவிட்டும் தந்தி அசையவில்லை. ஆனால் ஒன்றை ஏற்றினால் மற்றவற்றையும் சேர்க்கவேண்டுமே! எல்லாவற்றையும் சேர்த்து முடித்தபோது, வீணையை வெறுமனே கீழே வைக்க மனம் வரவில்லை. சரளிவரிசை தொடங்கினாள். முதலில் தடுமாற்றம். வேகத்தை இரட்டித்து இரண்டாம் காலத்துக்குப் போனதும் விரல்கள் அவளை முந்திக்கொண்டு ஓடின. கஜதீபன் தானே போய்ச் சோறு போட்டுக்கொண்டு வந்து, எதிரே நிலத்தில் இருந்து சாப்பிட்டான்.

ஐப்பசியில் கோல்டிங் நகரத்து மண்டபமொன்றில் சரஸ்வதி பூசைக்கு வாசித்தாள். நடுவில் ஓரிடம் பிசகியது. தாளத்தை விடாமல் மேலே போய்விட்டாள்.

இப்போது விரல் நுனிகளில் தந்தி அழுத்தி வரும் பழைய காய்ப்பு மீண்டும் ஏறியிருக்கிறது. தொழிற்சாலையில் கையுறை போடுமுன் அதை ஒருதரம் தடவிப் பார்த்துக்கொள்வாள்.