புழுதி மூடி

உள்ளங்கையில் கட்டிய தோல்பட்டை ஊசியைக் கான்வாஸுக்குள் தள்ளியது. மறுபக்கம் காத்திருந்த இடது கை அதை இழுத்தது. இரண்டு மடிப்புக் கான்வாஸ், நடுவில் விரல் பருமனுக்கு ஸ்பாஞ்ச். ஓரங்களை மெஷினில் அடித்தாகிவிட்டது. மூலைகளை மட்டும் அந்தக் கைகள் மெஷினை நம்பி விடுவதில்லை. ஒரு மூலை முடிந்ததும் அதைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்க்கும். பிறகு வாயருகே தூக்கிப் பிடிக்கும். ஒரு நீண்ட ஊதல். மறுபக்கம் வைத்த விரலில் துளிக் காற்று பட்டாலும் தையலைப் பிரித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து.

தெல்மா ட்ரெகென்ஸா வேலை செய்த விதம் அது. பாலைவன ஓரத்து ஊரான மரீயில் ரயில் இருந்த காலத்தில் தண்டவாளக் கூலி ஒருவரின் மனைவியாக வந்தவள். ரயில் பாதையை மேற்கே மாற்றினார்கள், ஊர் காலியானது, கணவர் பாதையோடு போனார், திரும்பவில்லை. தெல்மா போகவில்லை. சரக்குக் கொட்டகையில் தார்ப்பாய் தைக்கும் பழைய மெஷின் ஒன்று அநாதையாகக் கிடந்தது. யாரோ தைத்த தார்ப்பாய்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்து, அதே துளைகளில் திருப்பித் தைத்துத்தான் தொழிலைக் கற்றாள். முதலில் மாட்டு லாரிகளுக்குத் தைத்தாள். பிறகு காருக்குப் பின்னால் கேரவன் என்னும் வண்டிவீட்டைக் கட்டிக்கொண்டு பாலைவனம் பார்க்கக் கிளம்பியவர்களுக்கு. கல் அடிக்காத தட்டி, மடக்குப் படி, தண்ணீர்த் தொட்டிக்குக் கவசம் என்று கேட்டதையெல்லாம் செய்து கொடுத்தாள். எல்லோரும் அதிகம் கேட்டது புழுதிக்கு மருந்து.

நான் கொட்டகைக்கு எதிரே பெட்ரோல் பம்ப் வைத்திருப்பவன். அதனால் அன்று காலை ஒரு வயதான தம்பதிக்கு அவள் புழுதி மூடிகளை மாட்டிக் கொடுத்ததை டீசல் அடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன்.

கீத், நோரீன் என்று பெயர். தெற்கே மவுண்ட் காம்பியர் பக்கம் பால்பண்ணை வைத்திருந்து, அதை மகனிடம் விட்டுவிட்டு வந்தவர்கள். புல்லும் மழையும் பார்த்தே எழுபது வயதானவர்கள். அவர்களுடைய பழைய வெள்ளைக் கேரவனில் காற்றுக்கென்று இரண்டு துளைத் தட்டுகள் இருந்தன. ஒன்று கதவின் அடியில், இன்னொன்று அடுப்புக்குக் கீழே சுவரில். மண் ரோட்டில் ஓடும்போது அந்த இரண்டு வழியாகவும் சிவப்புப் புழுதி உள்ளே வந்துவிடும்.

"சூப்புல மண்ணு, தலகாணில மண்ணு, நோரீனோட பல் செட்டுல மண்ணு" என்றார் கீத்.

"என் பல்லை ஊருக்கெல்லாம் சொல்லு. உன் வழுக்கைல ஒரு மூட்டை இருக்கே, அதைச் சொல்லாத" என்றாள் நோரீன்.

தெல்மா சிரிக்காமல் மூடியின் பிரஸ் பட்டன்களை ஒவ்வொன்றாக அழுத்தி மாட்டினாள். "ஓடும்போது மட்டும்தான் இது. நின்னதும் கழட்டிடணும்."

"கழட்டறதா! பசை போட்டு ஒட்டிடப் போறேன், தெல்மா."

நாங்கள் நான்கு பேரும் சிரித்தோம். அவர்கள் மேற்கே கிளம்பிப் போனார்கள்.

மதியத்துக்கு மேல் காற்று எழுந்தது. ஜூலை எங்கள் பக்கம் குளிர்காலம்; குளிர்காற்று மண்ணை அள்ளிக்கொண்டு வந்தது. எதிரில் கொட்டகை மங்கிவிட்டது. பம்பை மூடிவிட்டு டீ குடிக்கலாம் என்று தெல்மாவிடம் போனேன். அவள் கெட்டிலை வைத்துவிட்டு மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பேச்சுக்குப் பேச்சாகத்தான் சொன்னேன்.

"உன் பால்காரர் ஹீட்டர் கூட இல்லாம வந்திருக்கார். கேஸ் அடுப்பை எரிய விட்டுட்டுத்தான் ரெண்டு பேரும் குளிர் காயறாங்களாம். ராத்திரி முழுக்க."

துணி நின்றது.

"யார் சொன்னது?"

"அவரேதான். டீசல் அடிக்கும்போது. ஏன், எல்லாரும் செய்யறதுதானே?"

"எல்லாருக்கும் கதவடில ஓட்டை இருக்கு, கிளைவ். இவங்களுக்கு நான் அடைச்சுக் கொடுத்துட்டேன்."

"நின்னா கழட்டச் சொன்னியே."

அவள் ஜன்னலைப் பார்த்தாள். வெளியே புழுதி பறந்துகொண்டிருந்தது. "கேரவன் நின்னா புழுதி நின்னுடுமா? இந்தக் காத்துல எவன் கழட்டுவான்?" அடுப்பின் தீ உள்ளிருக்கும் காற்றைத் தின்றுவிட்டு விஷத்தைக் கக்கும் என்பது எங்கள் இருவருக்குமே தெரியும். அதற்கு வாசனை கிடையாது. தூக்கம்தான் வரும். "ஊதி ஊதிப் பார்த்துத் தைச்சேன்" என்றாள், யாரிடமோ சொல்வதுபோல.

கெட்டில் கொதித்துக்கொண்டிருக்கும்போதே நாங்கள் கிளம்பிவிட்டோம்.

செல்போன் என்பது இந்தப் பக்கம் எட்டிப் பார்க்காத காலம் அது. அவளுடைய பழைய பிக்கப் வண்டியில் வயர்லெஸ் மட்டும் இருந்தது. நான் ஓட்டினேன்; அவள் மைக்கை உதட்டில் வைத்துக்கொண்டே வந்தாள். "வெள்ளைக் கேரவன், பச்சைப் பட்டை. கீத், நோரீன், கேக்குதா? மூடியைக் கழட்டுங்க. அடுப்பை அணைங்க." பதிலுக்கு இரைச்சல் மட்டும் வந்தது. கேரவனில் வயர்லெஸ் இருந்ததா என்று எனக்கு ஞாபகம் வரவில்லை. கேட்கவும் பயமாக இருந்தது.

ரோடு சில இடங்களில் தெரிந்தது, சில இடங்களில் இல்லை. நாற்பதுக்கு மேல் போனால் பள்ளம் தெரியாது. நாற்பதில் போனால் நேரம் போகிறது. அவள் மறுபடி மறுபடி மைக்கில் கூப்பிட்டாள்.

ரொம்ப தூரம் போன பிறகு இரைச்சலுக்கு நடுவே ஒரு குரல் வந்தது. மாட்டு லாரி பெவன்.

"யாரு, தெல்மாவா? நீ தைச்ச தார்ப்பாய் கிழியவே மாட்டேங்குது. எனக்குக் கோமணமும் நீயே தைச்சுக் கொடேன்."

"பெவன், வாயை மூடிட்டுக் கேளு. வெள்ளைக் கேரவன் ஒண்ணைப் பார்த்தியா?"

குரல் உடனே மாறியது. "பார்த்தேன். பழைய ஸ்டேஷன் இடிஞ்சு கிடக்குல்ல, அந்தச் சுவத்துக்குப் பின்னாடி ஒதுங்கி நிக்குது. கொஞ்ச நேரம் முன்னாடிதான். ஏன்?"

"ஜன்னல் திறந்திருந்துச்சா?"

"இந்தப் புழுதில ஜன்னலைத் திறக்க அவங்களுக்கென்ன பைத்தியமா?"

தெல்மா கண்ணை மூடினாள். "திரும்பிப் போய்க் கதவைத் தட்ட முடியுமா?"

"மூணு டிரெய்லர் மாடு, தெல்மா. இந்த ரோட்டுல திருப்பினா கவுந்துடும். நீ வா. நான் நிறுத்தி வழி விடறேன்."

அவன் எங்கே நிற்கிறான் என்பது தெரியாமலேயே போனோம். திடீரென்று புழுதிக்குள் ஹாரன் அலறியது. வெளிச்சம் ஒரு வீட்டு உயரத்தில் தெரிந்தது. ஸ்டியரிங்கை ஒடித்தேன். மாடுகளின் கதறலும் சாண நாற்றமும் ஜன்னலை உரசிக்கொண்டு பின்னால் போயின. என் கால் தானாகப் பிரேக்கின் மேல் போனது.

"நிறுத்தாத" என்றாள் தெல்மா.

ஸ்டேஷன் சுவர் தெரிந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. சுவருக்குப் பின்னால் கேரவன். ஜன்னல்களுக்குள் மஞ்சள் வெளிச்சம். கண்ணாடியெல்லாம் உள்ளே வேர்த்து வழிந்திருந்தது. பார்த்தால் வீடு மாதிரி அத்தனை கதகதப்பாகத் தெரிந்தது. கதவடியில் தெல்மாவின் மூடி, ஒரு பட்டன்கூட நெகிழாமல் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது.

தெல்மா கதவை அடித்தாள். பதில் இல்லை. கைப்பிடியைத் திருகினாள், தாழ் போடாமல்தான் இருந்தது. திறந்ததும் சூடான, கனத்த காற்று முகத்தில் இடித்தது.

"சிலிண்டரை மூடு!" என்று கத்திவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே ஏறினாள்.

நான் முன்பக்கம் ஓடி, இழுவைக் கம்பி மேல் நின்ற சிலிண்டரைத் திருகி மூடிவிட்டு வந்தேன். நோரீன் மேசையில் கைகளை மடித்து அதன் மேல் தலை வைத்திருந்தாள். பக்கத்தில் பாதி உரித்த உருளைக்கிழங்கு. தெல்மா அவளை அக்குளில் கை கொடுத்து இழுத்தாள். அவள் முனகினாள். கீத் கட்டிலில் கிடந்தார். அவரைப் போர்வையோடு சேர்த்து இருவருமாக இழுத்துப் படியிறக்கினோம். தலை படியில் இடித்தது, அவருக்குத் தெரியவில்லை. சுவருக்கு வெளியே, காற்று நேராக அடிக்கும் இடத்தில் மண்ணில் போட்டோம்.

நோரீன் வாந்தியெடுத்தாள். பிறகு கணவர் பெயரைச் சொல்லத் தொடங்கினாள், விடாமல், ஒரே குரலில். கீத்தின் முகம் நல்ல ஆரோக்கியமானவர் போல் சிவந்திருந்தது. அந்த விஷம் ஏறினால் முகம் அப்படித்தான் சிவக்கும்; அதைப் பார்க்கத்தான் அதிகம் பயமாக இருந்தது. தெல்மா அவர் மூக்கருகே தன் விரலை வைத்துக்கொண்டு மண்டியிட்டிருந்தாள். தைக்கும்போது கான்வாஸின் மறுபக்கம் காற்று வருகிறதா என்று பார்த்த அதே விரல். இவ்வளவு காற்றில் எது அவருடைய மூச்சு என்று எப்படித் தெரியும்? குனிந்து தன் முதுகால் காற்றை மறைத்துக்கொண்டாள்.

"வருது" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "வருது, ஆனா சின்னதா வருது."

அந்த நேரம் எவ்வளவு நீளம் என்று என்னால் சொல்ல முடியாது. கீத் இருமினார். கண் பாதி திறந்தது. திறந்து கிடந்த கேரவன் கதவைப் பார்த்தார்.

"கதவைச் சாத்துங்க" என்றார். "மண்ணு வருது."

இருவரையும் பிக்கப்பில் ஊருக்குக் கொண்டுவந்தோம். ஊர் நர்ஸ் அவர்களுக்கு ஆக்ஸிஜன் வைத்தாள், இரண்டு நாள் படுக்கையை விட்டு எழுந்திருக்கக் கூடாது என்றாள். தலைவலியோடு தப்பித்தார்கள். தெல்மாவை விட்டு மட்டும் பயம் போகவில்லை. அவள் அதற்கு முன்னும் அதே மூடியைப் பலருக்குத் தைத்துக் கொடுத்திருந்தாள். அவர்களெல்லாம் எந்தப் பாலைவனத்தில், எந்தச் சுவருக்குப் பின்னால் நிற்கிறார்களோ? மெக்கானிக், ஹோட்டல்காரர், லாரிக்காரர் என்று வயர்லெஸ்ஸில் கிடைத்த எல்லோரிடமும் சொன்னாள். ஊருக்குள் நுழைந்த ஒவ்வொரு கேரவனின் முன்னும் போய்க் குனிந்து கதவடியைப் பார்த்தாள். தன் தையலைக் கண்டால் கேட்காமலேயே பிடுங்கிக்கொண்டு வந்தாள். திட்டினார்கள்.

"எல்லாத்தையும் எரிச்சுடு. இனி தைக்காதே" என்றேன்.

"நான் தைக்கலைன்னா டேப் போட்டு ஒட்டுவாங்க. அது இதைவிட மோசம்."

அன்றிலிருந்து மேசையில் இரண்டு புது மூடிகள், ஒரு தடித்த கான்வாஸ் குல்லா. கேஸை மூடிக் குழாயைக் கழற்றினால்தான் குல்லா சிலிண்டரின் தலையில் இறங்கும். இறக்கி, அடியில் ஒரு கொண்டியில் இரண்டு பூட்டுகள் போட்டால், கேஸைத் திறக்க முடியாது. ஒவ்வொரு பூட்டின் சாவியையும் ஒவ்வொரு மூடியின் உள்பக்கம் வைத்துத் தைத்திருந்தாள். மூடி துளையின் மேல் இருக்கும்வரை சாவி அதன் பின்னால் சிறைப்பட்டுக் கிடக்கும்.

என்னைக் கூப்பிட்டாள். "கீத் மாதிரி யோசி. ஏமாத்து."

யோசித்தேன். மூடியைக் கழற்றி, கத்தரியால் சாவியை அறுத்து எடுத்து, மூடியைத் திருப்பி மாட்டிவிட்டுப் பூட்டைத் திறந்தேன். அவள் எல்லாவற்றையும் பிரித்தாள்.

அடுத்த முறை சாவி அறுக்க முடியாத கம்பிக் கயிற்றில் மூடியோடு கோக்கப்பட்டிருந்தது. பூட்டும் வேறு. திறந்திருக்கும்வரை சாவியை விடாத பூட்டு. லாரிக்காரர்களிடம் சொல்லி வரவழைத்தது. மூடியைக் கையோடு எடுத்துக்கொண்டு வந்தால்தான் பூட்டு திறக்கும். திறந்தபின் மூடி அங்கேயே தொங்கும். மறுபடி கதவடிக்குப் போக வேண்டுமானால் பூட்ட வேண்டும்.

"பூட்டை வெறுமனே, குல்லா இல்லாம பூட்டிட்டு எடுத்தா?" என்றேன்.

அவள் பூட்டைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். "எடுக்கலாம்" என்றாள். "அது மறதி இல்ல, வேலை மெனக்கெட்டுச் செய்யறது. அதுக்கு மேல எனக்குத் தெரியல, கிளைவ்." அன்றும் தூங்கியிருக்க மாட்டாள்.

கிளம்பும் நாள் காலை கீத் கொட்டகைக்கு வந்தார். குளிருக்குக் கம்பளிகள் நாலு என் பம்பில் வாங்கியிருந்தார். "இதெல்லாம் எதுக்கு, தெல்மா? பழசே போதும். இனிமே மறப்பேனா?"

"நீங்க அன்னிக்கும் மறக்கல, கீத். புழுதி அடிச்சுது, மூடி வெச்சீங்க. நாளைக்கும் அடிக்கும்."

அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

தெல்மா நோரீனைக் கூப்பிட்டு, தானே செய்து பார்க்கச் சொன்னாள். நோரீன் கதவடி மூடியைக் கழற்றினாள். அடுப்படி மூடியைக் கழற்றினாள். இரண்டையும் தூக்கிக்கொண்டு முன்பக்கம் போய்ப் பூட்டுகளைத் திறந்தாள். மூடிகள் சாவியோடு கொண்டியில் தொங்கின. ஒன்றைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள், வரவில்லை.

"வராது போலிருக்கே" என்றாள்.

"வரக் கூடாது."

பிறகு பூட்டி, மூடிகளை விடுவித்து, தெல்மா அவற்றைத் தன் கையில் வாங்கினாள். மூலைகளைக் கட்டைவிரலால் ஒருமுறை அழுத்தினாள். ஊதிப் பார்க்கவில்லை. நோரீனிடம் நீட்டினாள். நோரீன் பிடித்த பிறகும் அவள் விரல்கள் கான்வாஸின் ஓரத்தில் கொஞ்ச நேரம் இருந்தன.

பிறகு விட்டாள்.