செம்பாக்கம் எழுந்து நின்ற நாள்

போன மாதம் குளியலறையில் வழுக்கி விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டேன். என் வயதில் இதெல்லாம் ஒரு செய்தியே இல்லை. மகன் போனில் எதையோ அழுத்தினான்; அரைமணியில் மேடவாக்கத்திலிருந்து ஒரு நர்ஸ் பெண் ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள். அவள் பஞ்சை நனைத்ததும் ஸ்பிரிட் வாடை எழுந்ததே, அவ்வளவுதான். கட்டுப் போட்டு முடித்து அவள் கிளம்பிப் போனதுகூட எனக்குச் சரியாக நினைவில்லை. நான் அறுபதுகளின் கடைசியில், ஓட்டுக்கூரை போட்ட ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் உட்கார்ந்திருந்தேன்.

தாம்பரத்தை ஒட்டியிருந்த அந்த நிலையத்தில்தான் இளநிலை எழுத்தராக என் முதல் வேலை. டைப் ரைட்டிங் தெரியும் என்று நேர்முகத்தில் சொல்லியிருந்தேன். இரண்டு விரலால் தெரியும் என்று சொல்லவில்லை. அவர்களும் கேட்கவில்லை.

அங்கே பிரசவம் பார்க்கும் நர்ஸ் குளோரி சிஸ்டர். நாசரேத் பக்கத்துக்காரர். நாற்பது வயதிருக்கும், குள்ளமான உருவம், கஞ்சி போட்ட வெள்ளைச் சேலை. செம்பாக்கமும் அதைச் சுற்றியிருந்த குடிசைப் பகுதிகளும் அவர் பொறுப்பு. அப்போது செம்பாக்கத்துக்கு ஏரிக்கரை மேல் ஒற்றையடிப் பாதைதான். நடந்து போவதற்குள் பிள்ளை பிறந்துவிடுகிறது என்று, அந்த வயதில் சர்ச் மைதானத்தில் விழுந்து எழுந்து சைக்கிள் கற்றுக்கொண்டவர்.

ஒரு பெண் சைக்கிளில் வருவது அன்று பெரிய வேடிக்கை. செம்பாக்கம் டீக்கடைக்காரர் கன்னியப்பன் பெஞ்சில் ஆள் சேர்த்துக்கொண்டு காத்திருப்பார்.

"இன்னா நர்சம்மா, சர்க்கஸ்ல எத்தினி மணிக்கு ஷோ?"

சிஸ்டர் மணியை ஒருமுறை அடித்துவிட்டுப் போய்விடுவார். இரண்டு தடவை யாரோ டயரில் காற்றைப் பிடுங்கிவிட்டார்கள். மூன்றாம் தடவையிலிருந்து அவர் மருந்துப் பையோடு ஒரு காற்றடிக்கும் பம்பையும் கட்டிக்கொண்டு போனார். புகார் எழுதித் தருகிறேன் என்று நான் வீரமாகச் சொன்னேன். "அந்த நேரத்துல ரெண்டு வீடு பாத்துருவேன் தம்பி" என்றார்.

அடுத்த ஐப்பசியில் மூன்று நாள் அடைமழை. காலை பத்து மணிக்கு ஒரு பையன் தொப்பலாக நனைந்து ஓடி வந்தான். கன்னியப்பனின் மகள் தேவகிக்கு விடியற்காலையிலிருந்து வலி, பிள்ளை தலை திரும்பவில்லை. டாக்டர் செங்கல்பட்டில் மீட்டிங். சிஸ்டர் பையை எடுத்தார். ஒத்தாசைக்கு என்று என்னையும் கிளப்பினார். ஒத்தாசை என்றால் குடை பிடிப்பது. கரை ஏறுவதற்குள் அந்தக் குடையும் காற்றில் மடங்கிப் போனது.

ஏரி நிரம்பி, உபரித் தண்ணீர் வழியும் கலங்கலில் வெள்ளம் இடுப்பளவு ஓடிக்கொண்டிருந்தது. அக்கரையில் கன்னியப்பன் நின்றிருந்தார். சிஸ்டர் யோசிக்கவே இல்லை, மருந்துப் பையைத் தலையில் வைத்துக்கொண்டு இறங்கிவிட்டார். நான் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு, இறங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். கன்னியப்பன் நீந்தாத குறையாக வந்து, சிஸ்டரைக் கைபிடித்துக் கரையேற்றிவிட்டு, திரும்பி வந்து சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டார்; அவர் பின்னால் நானும் இறங்கினேன். "எம்மா, எம் பொண்ணு" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

நாங்கள் கன்னியப்பன் வீட்டு வாசலில் கூரைக்கடியில் நின்றோம். உள்ளே சிஸ்டரின் குரல் மட்டும் கேட்டது. "பயப்படாத தேவகி. நான் சொல்லும்போது முக்கு. இப்ப வேண்டாம்... இப்ப வேண்டாம்..." கால் முன்னால் வந்த பிள்ளை. ஒரு கட்டத்தில் எல்லாச் சத்தமும் நின்றுபோனது. பிள்ளை அழவில்லை. கன்னியப்பன் தரையில் குந்திவிட்டார். சிஸ்டர் அதன் வாயில் வாய் வைத்து மூச்சு ஊதுகிறார் என்று உள்ளிருந்து ஒருத்தி கிசுகிசுத்தாள். எவ்வளவு நேரமோ தெரியாது. அப்புறம் ஒரு பூனைக்குட்டிச் சத்தம். அப்புறம் வீறிட்ட அழுகை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நானும் அழுதேன். மழையில் யாருக்கும் தெரிந்திருக்காது.

இரண்டு வருஷம் போனது. ஒரு சுதந்திர தினத்துக்கு, எங்கள் நிலையத்தை ஒட்டிய யூனியன் அலுவலக மைதானத்தில் சிறந்த ஊழியர்களுக்குப் பாராட்டு என்றார்கள். பெயர்களைச் சொல்லச் சொல்ல டைப் அடித்தவன் நான்தான். மேலதிகாரியின் டிரைவர்வரை பட்டியலில் இருந்தார், சிஸ்டர் இல்லை. கேட்க வாய் வந்தது. வேலை போய்விடுமோ என்று பயம், வாயை மூடிக்கொண்டேன். அடுத்த நாள் டீக்கடையில் கன்னியப்பன் கேட்டார்: "நம்ம நர்சம்மாவுக்கு இன்னா குடுக்கறாங்கோ சார்?"

"அவங்க பேர் லிஸ்ட்ல இல்ல" என்றேன். அவர் டீயை ஆற்றிக்கொண்டே இருந்தார்.

விழாவன்று காலை ஏரிக்கரை வழியாகப் பெண்கள் வந்தார்கள். இடுப்பில் பிள்ளை, கையில் பிள்ளை. மைதானத்தின் முன்பக்கம் முழுக்க அவர்களே உட்கார்ந்துவிட்டார்கள். கன்னியப்பன் பின்னால் கைகட்டி நின்றார். யூனியன் சேர்மன் கடைசிப் பெயரைப் படித்து முடித்ததும் தேவகி மகனோடு எழுந்தாள்.

"எங்க நர்சம்மா பேரு எங்க?"

மேலதிகாரி என்னைப் பார்த்தார். "அவங்க அப்படி என்ன செஞ்சாங்கன்னு ரெக்கார்ட் இருக்கணும்ல" என்றார். அது இருந்தது. என் மேஜையிலேயே இருந்தது. ஓடிப்போய் மாத அறிக்கைப் பதிவேட்டைக் கொண்டு வந்து மைக் முன்னால் நின்றேன். 

"செம்பாக்கம் பகுதி. பிரசவத்தில் தாய் மரணம். இந்த மாசம், இல்லை" என்று படித்தேன். பக்கத்தைப் புரட்டினேன். "போன மாசம், இல்லை. அதுக்கு முந்தின மாசம்..."

"இல்ல!" என்றாள் தேவகி.

நான் புரட்டப் புரட்ட, "இல்ல! இல்ல!" என்று மைதானமே சொன்னது. சேர்மன் கையை உயர்த்தும்வரை படித்தேன். சிஸ்டரைக் கூப்பிடுங்கள் என்றார் அவர். சிஸ்டர் அங்கே இல்லை. பிரசவத்துக்குப் போயிருந்தார்.

சரியாக அப்போது கேட் பக்கம் சைக்கிள் மணி. வருகைப் பதிவில் கையெழுத்துப் போட வந்த சிஸ்டரைப் பார்த்ததும் முன்வரிசைப் பெண்கள் எழுந்தார்கள். பின்னால் ஆண்கள் எழுந்தார்கள். சேர்மன் எழுந்தார், மேலதிகாரிக்கும் வேறு வழியில்லை. சிஸ்டர் பதறிப்போய்ச் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்.

"என்னாச்சு? யாருக்கு என்னாச்சு?"

"ஒண்ணும் ஆவல நர்சம்மா. உனக்குத்தான் எழுந்து நிக்கறோம்" என்றார் கன்னியப்பன். கைதட்டல் ஆரம்பித்தது. அப்படி ஒரு கைதட்டலை அதற்குப் பிறகு நான் கேட்டதில்லை. சேர்மன் தன் கழுத்து மாலையைக் கழற்றிக் கொடுத்தார். சிஸ்டர் அதைக் கையில் வாங்கிக்கொண்டு, அவிழ்ந்த கொண்டையைச் சரிசெய்ய வழியில்லாமல் சிரித்தபடி நின்றார். தாயும் பிள்ளையும் நல்லா இருக்காங்க என்று எங்கள் டாக்டரிடம் அறிக்கை வேறு கொடுத்தார்.

இப்போது அந்த ஓட்டுக்கட்டிடம் இல்லை. கலங்கல் பாதையைத் தேடினால் தண்ணீர் லாரிகள்தான் ஹாரன் அடிக்கின்றன. கன்னியப்பனின் கடை இருந்த இடத்தில் மூன்று மாடி. சிஸ்டரும் போய்ச் சேர்ந்துவிட்டார்.

இன்னொன்றும் போய்விட்டது. அந்த நாளில் நிறைமாதக்காரியைப் பார்க்க வரும் அக்காளோ தங்கையோ கிளம்பும்போது அவள் கையைக் கொஞ்சம் கூடுதல் நேரம் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். திரும்பப் பார்ப்போமா என்று யாரும் வாய்விட்டுக் கேட்கமாட்டார்கள், எல்லாருக்கும் தெரியும். குளோரி சிஸ்டர் ஓய்வு பெறும்போதே செம்பாக்கத்தில் அந்த வழக்கம் போய்விட்டிருந்தது. "வரட்டா, பேர் வைக்க வரேன்" என்று வாசலிலிருந்தே கையாட்டிவிட்டுப் போக ஆரம்பித்திருந்தார்கள்.