அப்பாவுக்குச் சொல்லாமல் விட்ட வரி

இங்கே இங்கிலாந்தில், லீட்ஸ் நகரத்தில், தீர்ந்துபோன இன்ஹேலரைக் குப்பையில் போடாமல் மருந்துக்கடைக்கே கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். டாக்டர் வேலைக்கு வந்த புதிதில் அதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. அந்த ஸ்பிரே இன்ஹேலரில் மருந்தைத் தள்ளும் வாயு பூமியைச் சூடாக்கும் என்று பிறகுதான் படித்தேன். மருத்துவத் துறையும் தன் பங்குக்குப் பருவநிலையைக் காக்க வேண்டும், முடிந்தவர்களை வாயு இல்லாத பொடி இன்ஹேலருக்கு மாற்றலாம் என்று நான் எழுதிய ஆய்வுக் கட்டுரை வெளியானபோது, அதை அச்செடுத்து ஊரெல்லாம் காட்டியவர் என் அப்பா.

நெய்வேலி நிலக்கரிச் சுரங்கத்தில் கான்ட்ராக்ட்டில் சேர்ந்து, பர்மனென்ட் ஆகி, ரிட்டயர் ஆனவர். காடாம்புலியூரில் முந்திரிக் கொட்டை பொறுக்கிய வயதிலேயே அவருக்கு ஆஸ்துமா உண்டு. நான் பள்ளிக்கூடம் போன நாட்களில், சாப்பாட்டு டப்பாவை மறந்தாலும் மறப்பார். சட்டைப்பையில் ஸ்பிரே இருக்கிறதா என்று தடவிப் பார்க்காமல் ஷிப்ட்டுக்குக் கிளம்ப மாட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை போனில், "இங்கிலீஷ்ல என்னம்மா எழுதியிருக்க? எனக்குப் புரியிற மாதிரி சொல்லு" என்றார். சொன்னேன். "அப்ப நான் அடிக்கிற ஸ்பிரேவும் கெடுதிதானா?"

"உங்களுக்கு இல்லப்பா, உலகத்துக்கு" என்று சிரித்தேன். பொடியை வேகமாக மூச்சிழுக்கப் பலம் இல்லாதவர்களுக்கு அது ஒத்துவராது என்று ஒரு வரி கட்டுரையில் இருந்தது. அதை அவரிடம் சொல்லவில்லை.

சில மாதங்கள் கழித்து அம்மா அழைத்தாள். "அப்பாவ ஆஸ்பத்திரில சேத்துருக்கும்மா. ஸ்பிரேவ எப்பவோ நிறுத்திட்டு பொடிக்கு மாறிட்டாரு. பொடிய இழுக்க முடியாம தெணறிகினு இருந்தாரு. உங்கிட்ட சொல்லக் கூடாதுன்னுட்டாரு."

நான் போய்ச் சேர்ந்தபோது ஆக்சிஜன் மாஸ்க்கோடு கிடந்தார். "ஏம்ப்பா இப்படிப் பண்ணீங்க?" என்றேன். மாஸ்க்கைக் கொஞ்சம் நகர்த்தினார். "ஆயுசு பூரா கரி வெட்டிகினே இருந்துட்டேன். எம்பொண்ணு சொல்லி இதையாவது விடலாம்னு பாத்தேம்மா." தப்பு செய்து மாட்டிக்கொண்டவர் போல அவர் முகத்தில் ஒரு கூச்சம். மூன்றாம் நாள் போய்விட்டார்.

திரும்பி வந்ததும் உடன் வேலை செய்யும் மார்கரெட் துக்கம் விசாரித்தாள். அப்பா சுரங்கத்தில் இருந்தவர் என்று அவளுக்குத் தெரியும். "நீ எழுதியதை அவரால் மன்னிக்க முடிந்ததா?" என்று மெதுவாகக் கேட்டாள். நிலக்கரியில் பிழைத்தவருக்கு, பருவநிலையைக் காக்கச் சொல்லி எழுதிய என்மேல் கோபம் இருந்திருக்கும் என்று நினைத்துவிட்டாள். அவர் நான் சொன்னதை அப்படியே நம்பினார் என்பதை எந்த மொழியில் அவளுக்குச் சொல்வது?

கட்டுரையில் தப்பில்லை, இன்றும் அதைத்தான் பேசுகிறேன். கூடவே வாரம் ஒருநாள் கிளினிக்கில் உட்கார்ந்து, யாரால் பொடியை இழுக்க முடியும், யாரால் முடியாது என்று ஒவ்வொருவராகச் சோதிக்கிறேன். போன வாரம் ஒரு வயதான வெள்ளைக்காரர் மூச்சின் பலத்தை அளக்கும் கருவியின் குழாயை வாயில் வைத்துக்கொண்டு திணறினார். முள் நகரவே இல்லை. "இன்னும் கொஞ்சம் இழுங்கப்பா" என்றேன். அவர் குழாயை எடுத்துவிட்டு, ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தார். தமிழில் சொல்லியிருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது. இங்கிலீஷில் சொல்ல வாயெடுத்தேன். பிறகு அதை விட்டுவிட்டு, அவர் சீட்டில் ஸ்பிரேயே தொடரட்டும் என்று எழுதினேன்.