ரயில் நிலையத்துப் பக்கத்து நிலமும் என் இடக்கைக் கையெழுத்தும்

பிள்ளைகளா, நம் தாமான் குடியிருப்பில் சில வீட்டுக்காரர்கள் என்னைக் கண்டால் ஏன் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள் என்று கேட்டீர்கள். ஒளிக்க ஒன்றுமில்லை, சொல்கிறேன்.

கிள்ளான் ரயில் நிலையத்தை ஒட்டிப் புல் மண்டிக் கிடக்கும் நிலத்தில் அடுக்குமாடி வீடுகள் வரப்போவதாகப் பலகை வைத்தார்கள். வீடுகளுக்குக் கீழே கடைகள், ஒரு கிளினிக், காய்கறி, மீன் வாங்க ஒரு சின்ன பாசார். அங்கிருந்து பள்ளிக்கூடத்துக்கும் நம் தாமானுக்கும் கூரை போட்ட நடைபாதை. லோரியை ஓரம் கட்டிவிட்டு அந்தப் படத்தை இரண்டு தடவை பார்த்தேன்.

சின்னவனுக்குக் காய்ச்சல் வந்த அன்று நான் செலாயாங் சந்தையில் காய்கறி ஏற்றிக்கொண்டிருந்தேன். உங்கள் அம்மா அவனைத் தூக்கிக்கொண்டு நெடுஞ்சாலை ஓரமாகவே கிளினிக்குக்குக் கிளம்பிவிட்டாள். நடக்கப் பாதை கிடையாது. ஒரு பக்கம் கால்வாய், மறுபக்கம் கொண்டெய்னர் லோரிகள். ஒரு லோரி கடந்த வேகத்தில் அவள் கையிலிருந்த குடை பறந்தே போய்விட்டது. நானும் லோரி ஓட்டுகிறவன். மேலே உட்கார்ந்திருப்பவனுக்கு ஓரத்தில் நடப்பவர் எவ்வளவு தெரிவார் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் அந்தக் கட்டடம் எனக்கு வேண்டும்.

ஆனால் அதை எதிர்த்த மனுவில் என் கையெழுத்தும் இருந்தது! வெள்ளிக்கிழமை கோயிலில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ஒரு தாள் பந்தியில் கைமாறி வந்தது. பந்தியில் தாள் வந்தால் அது உபயக்காரர் பட்டியல் என்றுதான் நினைப்போம். வலக்கை முழுக்க ரசம். இடக்கையால் கிறுக்கித் தள்ளிவிட்டேன். பிறகு, ஆட்சேபம் சொன்னவர்களை விசாரணைக்கு அழைத்து நகராண்மைக் கழகக் கடிதம் வந்தபோதுதான் விஷயம் புரிந்தது.

விசாரணைக்குக் குடியிருப்பாளர் சங்கத் தலைவரின் காரில்தான் போனேன். ஏறும்போதே சொன்னேன், "அண்ணே, நான் எதிர்த்துப் பேச வரல."

"அட, அங்க போய்ப் பார்த்துக்கலாம் லா," என்று சிரித்தார்.

மண்டபத்தில் அவர் முதலில் எழுந்தார். "அந்த வீடுங்க வந்தா எங்க ரோட்ல பார்க்கிங் போச்சு. கட்டணும்னா தூரத்துல ஜெஞ்சாரோம் பக்கம் செம்பனைத் தோட்டத்தை வெட்டிட்டுக் கட்டட்டும்!"

நான் எழுந்தேன். "அங்க கட்டினா ஒரு பால் டின் வாங்கக்கூட காடில ஏறிப் போகணும் அண்ணே. அந்தக் காடியெல்லாம் நம்ம ரோட்லதான் வந்து நிக்கும். எனக்கு இந்தத் திட்டம் வேணும். என் பேரை எடுத்துடுங்க."

விசாரணை நடத்திய அதிகாரியம்மா மனுவைப் புரட்டினார். வாசலில் வருகைப் பதிவேட்டில் நான் போட்ட கையெழுத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார். "இது உங்கள் கையெழுத்து மாதிரியே இல்லையே?" என்று மலாயில் கேட்டார்.

ரசக் கதையைச் சொன்னேன். மண்டபமே சிரித்தது.

"நல்லவேளை, கால்ல போடல!" என்றார் பின்னாலிருந்த ஓர் ஆன்டி.

சிரிக்கட்டும். ஆட்சேபத்தை விலக்கி, திட்டத்தை ஆதரிப்பதாக எழுதித் தரச் சொல்லி அதிகாரியம்மா ஒரு வெள்ளைத் தாளைத் தந்தார். பதினைந்து வயதில், மூன்றாம் படிவத்தோடு பள்ளிப் படிப்பை விட்டவன் நான். எழுதியதில் எத்தனை பிழையோ! ஆனால் வலக்கையால், அழுத்தமாக, முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

வெளியே வந்தால், தலைவர் காரில் எல்லாரும் ஏறிவிட்டிருந்தார்கள். கண்ணாடியை இறக்கினார். "ஏறு தம்பி. ஆனா நாளைக்கு வந்து இன்னிக்கு எழுதினதை வாபஸ் வாங்கிடணும். சரியா?"

"நீங்க போங்க அண்ணே."

"மண்டை வெடிக்கிற வெயில்டா. எப்படிப் போவ?"

"நடந்து."

நடந்தேன். உங்கள் அம்மா நடந்த அதே ஓரம். ஹார்ன் அடித்தார்கள், ஒருவன் கெட்ட வார்த்தை சொன்னான். கால்வாய்ச் சேற்றில் இறங்கி ஒதுங்கினேனே தவிர, திரும்பவில்லை.

முழங்கால் வரை சேற்றோடு வீட்டுக்குள் நுழைந்த என்னை அம்மா மேலும் கீழும் பார்த்தாள். நடந்ததைச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

"அடுத்த விசாரணை எப்போ?"

"ஏன்?"

"பிள்ளையைத் தூக்கிட்டு அந்த ரோட்ல நடந்தது நீங்களா, நானா? எனக்கும் பேச இருக்கு."

முடிவு இன்னும் வரவில்லை. அடுத்த முறை இரண்டு பேர் வருகிறோம் என்று நகராண்மைக் கழகத்துக்கு எழுதிப் போட்டுவிட்டேன்.