பாலத்தின் மேல் இரண்டேகால் மணி நேரம்

அக்காவின் அழைப்பு வந்தபோது மாலை நான்கு இருபது. "மாமா போயிட்டாருடா" என்றாள். வேலைக்குப் போன கட்டடத்தில், படிக்கட்டில் சற்று உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லையாம்.

மாமா, அக்காவின் கணவர், லிஃப்ட் மெக்கானிக். இருபத்திரண்டு வருடம், நாற்பது கட்டடங்கள். யாராவது உள்ளே மாட்டிக்கொண்டால் அரை மணிக்குள் போய் நிற்க வேண்டும். எந்த விசேஷத்திலும் அவர் முழுச் சாப்பாடு சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. "என்னைக் கட்டிக்கிட்டீங்களா, லிஃப்டைக் கட்டிக்கிட்டீங்களா?" என்பாள் அக்கா. "லிஃப்டாவது பட்டனை அமுக்கினா சொன்ன இடத்துல நிக்கும்" என்பார்.

போன வருடம்தான் முதல்முறையாகச் சேர்ந்தாற்போல் பதினைந்து நாள் விடுப்பு எடுத்தார். அவருக்கொரு பைக், எனக்கொரு பைக். மலைகளைத் தாண்டிக் கடல்வரை போவதாக ஏற்பாடு. ஐம்பது வயதாகியும் அவர் கடலைப் பார்த்ததில்லை.

ஆறாம் நாள் காலை, மலைப்பாதையில் சின்னப் பாலம் ஒன்றைக் கடக்கும்போது அவருடைய போன் அடித்தது. வண்டியை ஓரமாக நிறுத்தி எடுத்தார். பழைய கட்டடம் ஒன்றின் வாட்ச்மேன். இரண்டு மாடிகளுக்கு நடுவே லிஃப்ட் நின்றுவிட்டது. உள்ளே ஒரு டியூஷன் டீச்சர்.

"கம்பெனிலேர்ந்து புது ஆள் வந்துட்டாரு சார். மெஷின் ரூம் சாவியைத்தான் காணோம்."

மாமா தன் பைக்கைத் திரும்பிப் பார்த்தார். வண்டிச் சாவி தொங்கிய அதே வளையத்தில் அந்தச் சாவியும் தொங்கியது.

"என்கிட்டதான் இருக்கு. பூட்டை உடைங்க."

உடைத்தார்கள். பிரேக்கைத் தளர்த்தித்தான் பெட்டியை ஒரு மாடிக்குக் கொண்டுவர முடியும். ஆனால் அந்த லிஃப்டில் அதை ஒரேயடியாக விடக்கூடாது. விட்டால் மறுபக்கத்து எடைக்கல் இழுத்து, பெட்டி மேல்நோக்கி ஓடும். புது ஆளுக்கு அது தெரியாது. அங்குலம் அங்குலமாக இவர்தான் சொல்ல வேண்டும். பாலத்தின் மூன்றாவது கம்பத்தருகே மட்டும்தான் சிக்னல். ஓரடி நகர்ந்தால் போய்விடும்.

பின்னால் வந்த லாரிக்காரர் தலையை நீட்டினார். "அண்ணே, பாலத்தை விலைக்கு வாங்கிட்டீங்களா?" நான் அவரைச் சமாதானப்படுத்தி ஒதுங்கிப் போகச் சொன்னேன்.

நடுவில் டீச்சரையும் அழைப்பில் சேர்த்துக்கொண்டார்.

"மூச்சு முட்டுது சார்."

"முட்டாதும்மா. மேல காத்து வர்ற வழி இருக்கு, நான்தான் சுத்தம் பண்ணேன். கதவைத் தொடாம உக்காந்துக்கோங்க. நானும் இங்க நகர முடியாமத்தான் நிக்கிறேன்."

"நீங்க எதுல மாட்டிக்கிட்டீங்க?"

"லீவுல."

அவள் அழுகைக்கு நடுவே சிரித்தது எனக்கே கேட்டது.

இரண்டேகால் மணி நேரம் கழித்து வெளியே வந்துவிட்டாள். மாமா பாலத்துச் சுவரில் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டார்.

"கடல் இன்னும் ரெண்டு நாள்தான் மாமா."

"வண்டியைத் திருப்பு மச்சான்."

"அதான் வெளிய வந்துட்டாங்களே. உங்களை விட்டா ஊர்ல ஆளே இல்லையா?"

"ஆள் இருக்கு. அந்த லிஃப்டைத் தெரிஞ்ச ஆள்தான் இல்ல. பூட்டும் இல்லாம கெடக்கு."

நான் கோபத்தில் கத்தினேன். அவர் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டார். திரும்பி வந்த ஆறு நாளும் நான்தான் முன்னால் போனேன், பேசவில்லை.

ஊர் வந்ததும் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கினார். ஒவ்வொரு லிஃப்டின் குணத்தையும் எழுதிவைத்துவிட்டால் வேறொருவர் பார்த்துக்கொள்வார், அதற்கப்புறம் கடல். வீட்டில் இருந்த நேரமெல்லாம் எழுதினார்.

காரியங்கள் முடிந்த பிறகு அக்கா அதை என்னிடம் கொடுத்தாள். முப்பத்தொரு கட்டடங்கள் முடிந்திருக்கின்றன. முப்பத்திரண்டாவதற்கு முகவரி மட்டும் எழுதியிருக்கிறார்.